சம்மட்டியும் சம்மாட்டியும்: டியர்டவுன் ஆட்களை நம் கரையில் பார்த்ததுண்டா?

உச்சிப்புளிக்காரன்:

ஐப்பசி மழைக்கு வேலை நின்ற பத்து நாளில் நண்பனின் கணினியில் டியர்டவுன் என்ற விளையாட்டை விளையாடி முடித்தேன். சுவீடனில் டக்சிடோ லேப்ஸ் என்ற நிறுவனம் செய்தது. 2020 அக்டோபரில் அரைகுறையாக விற்பனைக்கு வந்து, 2022 ஏப்ரலில் முழுதாக வெளியானது. எனக்கு அதில் ஈர்ப்பு வேறு காரணத்தால். நான் வேலை பார்ப்பது என் மாமாவிடம். மாமா பழைய வீடுகளை இடிக்கும் காண்ட்ராக்டர். கதாநாயகன் பணமுடையில் தவிக்கும் ஓர் இடிப்புக் கம்பெனி முதலாளி என்றதுமே, சரி, இது நம்ம கதை என்று உட்கார்ந்துவிட்டேன்.

விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைகள் கணினியில் கடிதமாக வரும். கார்டன் வூ என்ற பணக்காரர் ஒரு பழைய கட்டிடத்தை இடிக்கச் சொல்வதில் ஆரம்பிக்கும். அப்புறம் அவருக்கு ஆகாத லாரன்ஸ் லீ ஜூனியர் வருவார், ரசாயன ஆலைக்காரர். வூ சொன்னால் லீயின் இடத்தில் கை வைப்போம். லீ சொன்னால் வூவின் விலை உயர்ந்த கார்களைத் தண்ணீரில் தள்ளுவோம். இருவருமே மரியாதையாக எழுதுவார்கள், கூலியும் ஒழுங்காக வரும். விசாரிக்க வரும் பரிசா டெர்டிமன்கூட நம்மைப் பிடித்து உள்ளே போடாமல் நம்மிடம் வேலைதான் வாங்குகிறார்.

இப்படிப்பட்ட ஆட்களை நம் ராமநாதபுரம் கரையில், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, நேரில் பார்த்தவர்கள் உண்டா? பெயரும் அடையாளமும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

பாம்பன் காற்று:

முதலில் ஒரு சிரிப்பு. என் தம்பி இதை விளையாடும்போது "சம்மட்டிய வச்சே சுவர உடைச்சிட்டேன்" என்று கத்தினான். வாசலில் வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த அப்பா "எந்தச் சம்மாட்டிய வச்சுடா?" என்றார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் படகு முதலாளிக்குச் சம்மாட்டி என்று பெயர். அப்பாவும் ஒரு சின்னச் சம்மாட்டிதான். ஒரே ஒரு விசைப்படகு, அதிலும் பாதி கடன்.

அந்த விளையாட்டில் படகுத்துறையில் ஜிபிஎஸ் கருவிகளைத் தூக்கும் வேலை ஒன்று வரும் அல்லவா? அது எங்களுக்கு நடந்தது. நாங்கள் பறிகொடுத்த பக்கம். திங்கள், புதன், சனி என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகும். ஒரு செவ்வாய் இரவு, நங்கூரத்தில் கிடந்த படகில் ஏறி ஜிபிஎஸ்ஸை மட்டும் கழற்றிப் போயிருந்தார்கள். பேட்டரியைத் தொடவில்லை, டீசலைத் தொடவில்லை, வலையும் அப்படியே கிடந்தது. கருவி போனால் இன்னொன்று வாங்கிவிடலாம். அதற்குள் இருந்த புள்ளிகள்? எங்கே பார் (கடலடிப் பாறை) கிடக்கிறது, எங்கே போனால் வலை மாட்டிக் கிழியும், எந்தக் காற்றுக்கு எந்த இடத்தில் இறால் பட்டது என்று அப்பாவும் படகு டிரைவரும் பன்னிரண்டு வருடமாகப் பதிந்து வைத்தவை. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய நோட்டுப் புத்தகமே அதுதான். அன்று முழுக்க அவர் யாரையும் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

நான்கு நாள் கழித்து, கரைப் பக்கம் சிறு கடை வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்கே வந்தார். "அண்ணே, யாரோ ஒரு பையன் என் கடையில அடகு வச்சிட்டுப் போனான். பாத்தா உங்களோடது மாதிரி இருந்துச்சு. நான் குடுத்த காச மட்டும் குடுங்க, வட்டியெல்லாம் வேணாம்." வட்டி வேண்டாம் என்று சொன்னபோது அந்தக் குரலில் இருந்த தியாகத்தைக் கேட்க வேண்டுமே! அப்பா பணத்தைக் கொடுத்தார். அம்மா காபி போட்டுக் கொடுத்தார். காபி குடித்துக்கொண்டே அவர் என் தங்கையின் படிப்பை விசாரித்து, நர்சிங் சேர்ப்பது நல்லது என்று யோசனையும் சொன்னார். (தங்கை நர்சிங்தான் படித்தாள். யோசனை நல்ல யோசனைதான்.)

கருவியில் புள்ளிகள் எல்லாம் இருந்தன. அடுத்த வாரம் கடலுக்குப் போனால் எங்கள் இடத்தில் எங்களுக்கு முன்பே இன்னொரு படகு வலை இழுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கடுத்த இடத்திலும் அதே படகு. எழுதி எடுத்துக்கொண்ட பிறகுதான் திருப்பித் தந்திருக்கிறார்கள். கடைக்காரருக்கு இரண்டு பக்கமும் காசு. இன்றும் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுத்தான் போகிறார்.

மண்டபத்தான்:

என்னிடம் வல்லம் (நாட்டுப் படகு) கேட்டு வந்தவர் அதிகம் பேசவில்லை. "தம்பி, இன்னைக்கு ராத்திரி வல்லத்த கரையில விட்டு வை. டேங்க் ஃபுல்லா இருக்கட்டும். விடியிறப்ப அதே இடத்துல கிடக்கும்." அவ்வளவுதான். கடல் அட்டை பிடிக்க 2001லிருந்து தடை. இரவில் வல்லம் கேட்பவரிடம் என்ன சரக்கு என்று இங்கே யாரும் கேட்பதில்லை. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு என்ஜின் ரிப்பேர்.

தொண்டி நிழல்:

எல்லோரும் ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்த விளையாட்டில் பிடித்தது பொறுமை. அந்த உலகமே வாக்சல் என்ற சின்னச் சின்னக் கட்டிகளால் ஆனது, கிட்டத்தட்ட எதையும் உடைக்கலாம், எந்த அவசரமும் இல்லை. சுவரில் வழி வெட்டலாம், பலகை போட்டுப் பாலம் கட்டலாம், பெயிண்ட் அடித்து வழியைக் குறித்து வைக்கலாம். அலாரம் கட்டிய பொருளைத் தொட்டதும்தான் மணி அடிக்கும். அதிலிருந்து 60 விநாடி. மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர் வந்துவிடும். அரை மணி நேரம் அமைதியாக யோசித்து, ஒரு நிமிடம் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடுவது. கெட்ட வேலைக்கு இவ்வளவு ஒழுங்கா என்று சிரிப்பு வரும்.

ஒரு துணுக்கு. வாக்சல்களின் ஊடாக ஒளிக்கற்றையைச் செலுத்தும் வழியைப் பற்றி 1987ல் வந்த பிரபலமான கட்டுரையை எழுதியவர்கள் அமனாடைட்ஸ், வூ என்ற இருவர். கார்டன் வூவின் பெயரைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கல்லூரியில் அதை ஒருமுறை நிரலாக எழுதித் திணறியிருக்கிறேன்.

அது சரி, உச்சிப்புளிக்காரரே, கேட்டவர் நீங்கள். உங்கள் கதை எங்கே?

உச்சிப்புளிக்காரன்:

சொல்கிறேன். முதலில் மாமாவுக்கு இதைக் காட்டியதைச் சொல்லிவிடுகிறேன். கீழ்ச்சுவரை முழுக்க அடித்துத் தள்ளிய பிறகும், ஒரு மூலையில் ஒரே ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் மாடி அப்படியே நிற்கும். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் வந்து பார்த்தார். "யாருடா இந்தக் கொத்தனாரு? அட்ரஸ் வாங்கு." அப்புறம் கோபமே வந்துவிட்டது. இடிப்பது மேலிருந்து கீழே. மட்டப்பாவை (கூரைத் தளம்) வெட்டி எடுத்து, கட்டைகளை இறக்கி, உத்திரத்தைக் கயிறு கட்டி இறக்கி, நிலை, ஜன்னல் எல்லாம் சேதமில்லாமல் கழற்றிய பிறகுதான் சுவரில் சம்மட்டி. கீழே அடிக்கிறவன் ஒன்று திருடன், இல்லை சாகப் போகிறவன் என்பது மாமாவின் கட்சி. அவர் தொழில் அப்படி. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றதிலிருந்து அவருக்குக் கனவில் வருவது அந்த 1914ஆம் வருடத்து இரும்புதான்.

இனி கதை. கீழக்கரையில் ஒரு பெரிய பழைய வீடு. பர்மா தேக்கு உத்திரம், சித்திர வேலைப்பாடு செய்த நிலை. இப்படி மரம் நிறைந்த வீடென்றால் வீட்டுக்காரர் எங்களுக்குக் கூலி தருவதில்லை. நாங்கள்தான் அவருக்குப் பணம் கொடுத்து இடிக்கும் உரிமையை வாங்குவோம். மரத்தை விற்று மீட்டுக்கொள்ள வேண்டியது. பேசியவர் அந்த வீட்டு மூத்த மகன். ஊரே காக்கா (அண்ணன்) என்று கூப்பிடும் கண்ணியமான மனிதர். உட்காரவைத்து டீயும் தொதல் இனிப்பும் கொடுத்து, வேலையாட்களுக்கு மதியச் சாப்பாடு தன் பொறுப்பு என்றார். சொன்னபடியே நான்கு நாளும் பிரியாணி அனுப்பினார். ஒரே ஒரு நிபந்தனை: வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும்.

ஏன் வெள்ளிக்கிழமை என்று மாமா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் மாமாவின் போனுக்கு வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு. இளைய மகன். அவருக்கு எதுவுமே தெரியாது. கத்தினார், கேஸ் போடுவேன் என்றார். மாமா "தம்பி, நான் அடிக்கிறவன். ஓலை எழுதுறவன் இல்ல" என்று வைத்துவிட்டார். அன்று மாலை கூடுதலாக நான்கு ஆட்களை இறக்கினார். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் கொடுத்த பணம் போகும்.

பத்து நாளில் இளையவர் ஊருக்கு வந்தார். மாமா சட்டை மாற்றிக்கொண்டு, போலீசுக்குப் போகத் தயாராகவே உட்கார்ந்திருந்தார். வந்தவர் கையில் பேரீச்சம்பழப் பெட்டி. காக்கா கட்டியிருக்கும் புதுச் சுற்றுச்சுவர் பொதுச் சந்தில் அரை அடி ஏறியிருக்கிறதாம். இரவோடு இரவாக எடுக்க முடியுமா, என்ன ரேட்? மாமா பெட்டியை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு ரேட் சொன்னார். நான் லோடு எண்ணினேன்.

அந்த இரவு திரும்பி வரும்போது மாமா சொன்னது: "ரெண்டு பேரும் தங்கமான மனுசங்க, மாப்ள."

தங்கச்சிமடம் அக்கா:

தம்பி, உன் மாமாவைப் படித்தால் எனக்கு என் தாத்தா ஞாபகம்தான் வருகிறது. அவர் வல்லத்தில் போய்ப் பவளப்பாறை எடுத்தவர். தண்ணீருக்குள் கடப்பாரையால் பெயர்த்து, வல்லம் முங்க முங்க ஏற்றி வந்து கரையில் கொட்டுவார்கள். கல்லாக வீட்டுச் சுவருக்குப் போகும், சூளையில் வெந்து சுண்ணாம்பாகவும் போகும். தனுஷ்கோடியில் எல்லோரும் நின்று படம் எடுக்கிற இடிந்த தேவாலயத்தின் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள், ஓட்டை ஓட்டையாக இருக்கும். அது பவளக்கல். 1964 டிசம்பர் புயல் ஊரையே வாரிக்கொண்டு போன பிறகும் நிற்கிறது.

மன்னார் வளைகுடாவில் தீவுகள் 21 என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இப்போது தண்ணீருக்குள். அலையைத் தடுத்து நின்ற பாறையை வெட்டி எடுத்தார்கள், மண்ணைக் கடல் கொண்டுபோனது. தாத்தா அந்தப் பக்கமெல்லாம் போனவர் இல்லை, மண்டபத்துக்கு நேரே உள்ள தீவுகளோடு சரி. 1986ல் தேசியப் பூங்கா ஆனதும் விட்டுவிட்டார் என்று அம்மா சொல்வாள். கொஞ்ச நாள் ஒளித்து எடுத்தார் என்று சித்தி சொல்வாள். ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். பக்கத்து வீட்டுப் பிள்ளை பட்டினி என்றால் தன் தட்டைத் தள்ளிவிடுகிறவர். சூளை முதலாளியோ ஒருநாளும் கடலில் கால் நனைத்ததில்லை. அவர் பேரன்கள் இப்போது மதுரையில் டாக்டர்கள்.

உங்கள் விளையாட்டில் முகம் தெரியாமல் ஓடுகிற அந்த ஆளைத்தான் எனக்குத் தெரியும். வூவையும் லீயையும் பற்றி எனக்கென்ன.

ஒன்று கேட்கவா? அந்தக் கீழக்கரைப் பக்கம் வீடு பெண்ணுக்குக் கொடுப்பதுதானே வழக்கம். உன் கதையில் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். பெண் யாரும் இல்லையா? அந்த வீட்டிலிருந்து நீ எதுவும் எடுக்கவில்லையா?

உச்சிப்புளிக்காரன்:

அக்கா, இதைத்தான் எழுதாமல் விட்டேன்.

இருந்தார்கள். ஒரு லாத்தா (அக்கா). வீடு அவருக்குத்தான் என்று வாப்பா வாயால் சொன்னதோடு சரி, பத்திரம் மாறவில்லை. கணவரோடு மலேசியாவில் இருந்தார். சண்டை போட்டது அண்ணனும் தம்பியும்தான். அவர் ஒரு வார்த்தை பேசியதாக நான் கேள்விப்படவில்லை.

எடுத்தேன். மாடியில் ஓர் அறை. ஜன்னலுக்கு மேலே அரைவட்டமாகப் பதித்த வண்ணக் கண்ணாடி, பச்சையும் சிவப்பும். நிலையும் கதவும் விலை பேசிப் போய்விட்டன. இந்தக் கண்ணாடியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு பச்சைத் துண்டு மட்டும் முழுசாக வந்தது. சட்டைக்குள் சுற்றி எடுத்து வந்துவிட்டேன். மாமாவுக்கும் தெரியாது.

போன மாதம் மாமாவின் எண்ணுக்கு ஒரு செய்தி. மாமா வாசிக்க மாட்டார், நான்தான் வாசிப்பது. லாத்தா ஊருக்கு வந்திருக்கிறார். சலாம் சொல்லி, மாமாவின் உடம்பை விசாரித்துவிட்டு, மாடி அறையிலிருந்து ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இருந்தால் என்ன விலையானாலும் தருகிறேன் என்று கேட்டிருந்தார். அதில் கோபம் ஒரு சொல் இல்லை. வூ எழுதுவதைப் போலவே மரியாதையான கடிதம், ஆனால் என்னால் பதில் எழுத முடியவில்லை.

கண்ணாடியைத் துணியில் சுற்றி பைக் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். மூன்று வாரமாக வைத்துக்கொண்டே சுற்றுகிறேன். இரண்டு தடவை கீழக்கரைக்குக் கிளம்பி, வழியில் பெரியபட்டினம் வரை போய்விட்டுத் திரும்பினேன்.

பாம்பன் காற்று:

பொருளை எடுத்தாயிற்று, மணியும் அடித்தாயிற்று. 60 விநாடிதான் கணக்கு தம்பி, நீ மூன்று வாரம் எடுத்திருக்கிறாய். வண்டியை எடு.