அடுத்தவர் நாட்டில் கடை விரித்த கூரியர் நிறுவனங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

சென்னை, முன்பு கார்கோ கிளியரன்ஸ் வேலையில் இருந்தவர்:

மீனம்பாக்கம் கார்கோ பக்கம் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். பெட்டி வானத்தில் இருக்கிற வரை யாருக்கும் தலைவலி இல்லை. தலைவலி இறங்கிய பிறகுதான். இன்வாய்ஸில் "சாம்பிள்" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். கே.ஒய்.சி.க்கு, அதாவது ஆள் யார் என்று சரிபார்க்க, ஆதார் கேட்டு போன் போட்டால் மோசடிக்காரன் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். பெட்டி சுங்கத்திலேயே தேங்கிவிடும்.

டி.ஹெச்.எல். கூரியர் நிறுவனம் பிறந்ததே இந்தத் தாமதத்தை நம்பித்தான். கப்பல் சரக்கின் ஆவணங்களை மட்டும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹோனலூலுவுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். கப்பல் கரை சேருமுன்பே சுங்க வேலை தொடங்கிவிடும். 1969இல் வந்த இந்த யோசனையை வைத்தே சில ஆண்டுகளில் பிலிப்பைன்ஸ், ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா வரை போய்விட்டார்கள்.

ஆனால் பிறந்த அமெரிக்காவிலேயே தோற்றார்கள், அதுதான் வேடிக்கை. 2002இல் நிறுவனம் முழுவதும் ஜெர்மனியின் டாய்ச் போஸ்ட் கைக்குப் போனது. அடுத்த ஆண்டே ஏர்போர்ன் என்ற அமெரிக்கக் கூரியர் நிறுவனத்தின் தரைவழிச் சேவையை வாங்கி, ஃபெடெக்ஸ், யூ.பி.எஸ். இரண்டோடும் அவர்கள் வீட்டு வாசலிலேயே மோதினார்கள். கட்டுப்படியாகவில்லை. 2009 ஜனவரியோடு அமெரிக்காவுக்குள்ளான டெலிவரியை நிறுத்திவிட்டு, வெளிநாட்டுப் பார்சலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பார்சல் பிரிக்கும் மையத்தை (ஹப்) நம்பியிருந்த ஒஹாயோவின் வில்மிங்டன் என்ற சின்ன ஊரில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது.

ஃபெடெக்ஸ் இதே அடியை ஐரோப்பாவில் முன்பே வாங்கியிருந்தது. 1989இல் ஃப்ளையிங் டைகர் என்ற சரக்கு விமான நிறுவனத்தை வாங்கியதால் ஆசிய விமான நிலையங்களில் இறங்கும் உரிமைகள் கிடைத்தன. என் பார்வையில் அது சரியான கணக்கு. ஐரோப்பாவுக்குள் வீடு வீடாகப் போகும் வேலைதான் ஒத்துவரவில்லை. 1992இல் அதை மூடினார்கள். பிறகு 2016இல் 440 கோடி யூரோ கொடுத்து டி.என்.டி. என்ற ஐரோப்பியக் கூரியர் நிறுவனத்தை வாங்க, அடுத்த ஆண்டு ஜூனில் நாட்பெட்யா என்ற கணினி வைரஸ் டி.என்.டி. கணினிகளை முடக்கிவிட்டது. ஒரே காலாண்டில் சுமார் 30 கோடி டாலர் அடி.

இந்தியாவுக்கு வந்தால், டி.ஹெச்.எல். 2004இல் இந்தியக் கூரியர் நிறுவனமான ப்ளூ டார்ட்டின் பெரும்பங்கை வாங்கியும் பெயரை மாற்றவில்லை. புத்திசாலித்தனம். ஃபெடெக்ஸோ 2021இல் தன் உள்நாட்டு வியாபாரத்தை டெல்லிவரி என்ற இந்திய நிறுவனத்திடம் ஒப்படைத்து, அதிலேயே 10 கோடி டாலர் முதலீடும் செய்தது.

கோலாலம்பூர், ஆன்லைனில் சேலை விற்பவர்:

அண்ணே, நீங்கள் சொல்வதெல்லாம் பெரிய விமானக் கம்பெனிகள். எங்கள் பக்கம் ஜே அண்ட் டி என்ற கூரியர் கம்பெனியின் கதை வேறு மாதிரி. 2015இல் ஜகார்த்தாவில் ஆரம்பித்து 2018இல் மலேசியாவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர்க்காரர்களைக் கூட்டுச் சேர்த்துக் கடை திறப்பது அவர்கள் வழி. என்னைப் போன்ற சின்ன வியாபாரிக்குப் பக்கத்துத் தெருவிலேயே பார்சல் போட முடிகிறதா என்பதுதான் முக்கியம்.

2020இல் சீனாவுக்குள்ளேயே நுழைந்தார்கள், துணிச்சல்தான். அடிமாட்டு விலைக்குப் பார்சல் எடுத்தார்கள். 2021 ஏப்ரலில் யிவூ நகர அஞ்சல் அதிகாரிகள் சில மையங்களை நிறுத்தி வைக்கும் அளவுக்குப் போனது. அதே ஆண்டு பெஸ்ட் என்ற போட்டி நிறுவனத்தின் சீன எக்ஸ்பிரஸ் பிரிவை 680 கோடி யுவானுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு கம்பெனி என் இரண்டு சேலைகளைத் தொலைத்துவிட்டு, நான் கொடுத்த விலை ரசீதை "தெளிவாக இல்லை" என்று திரும்பத் திரும்ப அனுப்பியது. மலிவு விலையில் இதுவும் அடக்கம் போலிருக்கிறது.

காரைக்குடி, வெளிநாட்டுக்குப் பலகாரம் அனுப்புபவர்:

சென்னை ஐயா சொன்ன "இறங்கிய பிறகு" எங்களுக்கு 2025 ஆகஸ்டில் வந்தது. 800 டாலருக்குள்ளான பார்சலுக்கு இறக்குமதி வரியில்லை என்ற சலுகையை அமெரிக்கா 29ஆம் தேதி எல்லா நாட்டுக்கும் நிறுத்தியது. அதற்கு நான்கு நாள் முன்பே நம் அஞ்சல் துறை, சிறு மதிப்புப் பரிசுகளும் கடிதங்களும் தவிர, அமெரிக்காவுக்கு மற்றதை ஏற்பதை நிறுத்திவிட்டது. அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. தனியார் கூரியரில் போனால், மகளுக்கு அனுப்பும் முறுக்குக்கு வரி யார் கட்டுவது என்று கடையிலேயே சண்டை. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகள், வாசலில் வரி கேட்டதும் பெட்டியை வாங்கவே மறுத்துவிட்டார். திரும்பிவரும் செலவு எங்கள் தலையில்.

இப்போது பில் போடும்போதே வரியையும் சேர்த்து வாங்கிவிடுகிறோம். "முறுக்கு, அரிசி மாவு, இத்தனை கிலோ" என்று தனித்தனியாக எழுதுகிறோம். தீபாவளிக்கு அனுப்ப நினைப்பவர்கள், வரி அனுப்புகிறவர் கணக்கிலா வாங்குகிறவர் கணக்கிலா என்று முதலில் கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.