எரிமலை எச்சரிக்கைக்கு ஊர்மக்கள் எதற்கு?

கேள்வி (மலைக்கள்ளி):
அதிர்வை அளக்கக் கருவி, வாயுவை அளக்கக் கருவி, மேலே செயற்கைக்கோள், எல்லாம்தான் இருக்கிறதே. அப்புறம் ஆய்வாளர்கள் ஊர்மக்களோடு உட்கார்ந்து பேசுவானேன்? "கிளம்புங்கள்" என்று அரசு சொன்னால் போதாதா?

பதில் (கந்தகம்):
போதாது. எக்வடோரில் சொல்லிப் பார்த்தார்கள். 1999 அக்டோபரில் துங்குராவா எரிமலை பொங்க ஆரம்பித்ததும், அடிவாரத்து பான்யோஸ் நகரத்தை ராணுவத்தை வைத்துக் காலி செய்தார்கள். நகரம் அழியவில்லை, பிழைப்புதான் போனது. 2000 ஜனவரியில் சனம் ராணுவக் காவலைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகுதான் வேறு வழி பிடித்தார்கள். சரிவில் குடியிருக்கும் விவசாயிகளிடம் ரேடியோ கொடுத்தார்கள். விஹியாக்கள் என்று பெயர்; சம்பளம் கிடையாது. இரவு எட்டு மணிக்கு ஒவ்வொருவராக ஆய்வு மையத்துக்குச் சொல்வார்கள்: சாம்பல் விழுந்ததா, கறுப்பா வெளுப்பா, மாவு போலவா மணல் போலவா, சத்தம் வெடியா உறுமலா, ஓடையில் சேறு இறங்குகிறதா. மலை மேகத்துக்குள் மறைந்திருக்கும் நாட்களில் இதெல்லாம் பெரிய விஷயம்.

என்னைக் கேட்டால் இன்னொன்றுதான் முக்கியம். 2006 ஆகஸ்டில் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் சரிவில் பாய்ந்தபோது, "இப்போதே கிளம்பு" என்று ஊருக்குள் சொன்னவர்கள் இந்தத் தெரிந்த முகங்கள். மேற்குச் சரிவில் பெரும்பாலோர் தப்பினார்கள். தென்மேற்கில் சிலர் இறந்தார்கள், அதையும் சொல்லியாக வேண்டும்.

மலைக்கள்ளி:
சரி, ஆய்வாளரே தப்பாகச் சொன்னால்?

பதில் (சாம்பல்மேகம்):
சொல்லியிருக்கிறார்கள். ஜப்பானின் சகுராஜிமா எரிமலை, 1914 ஜனவரி. அடிக்கடி நில அதிர்வு, கரையில் வெந்நீர் ஊற்று. கிராமத் தலைவர் மறுபடி மறுபடி கேட்டும், வானிலை மையம் "வெடிக்காது" என்றது. 12ஆம் தேதி வெடித்தது. நம்பித் தங்கியவர்களில் சிலர் செத்தார்கள். பத்து வருடம் கழித்து அங்கே ஒரு கல் நட்டு, கோட்பாட்டை நம்பியிருக்காதே, அறிகுறி கண்டால் கிளம்பத் தயாராகு என்று செதுக்கி வைத்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் இன்று அதே இடத்தில் கருவிகள் நிறைய இருக்கின்றன, ஆண்டுதோறும் வெளியேறும் ஒத்திகையும் நடக்கிறது.

கந்தகம்:
ஒன்று விட்டுப்போச்சு: மாடு. இந்தோனேசியாவின் மெராபி எரிமலை 2010இல் வெடித்தபோது முகாமுக்கு வந்தவர்கள் தீவனம் வைக்கத் திரும்பத் திரும்ப மேலே போனார்கள். கடைசியில் மாடுகளை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. முன்பே ஊராரைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.