மாஸ்ட் ரேடியேட்டர்: கோபுரமா, கம்பமா, அலைமரமா?

அன்பர்களே, வணக்கம்.

குமரி மாவட்டத்து வானொலிக் கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் குறுநூலில் 'மாஸ்ட் ரேடியேட்டர்' (நிறுத்திய இரும்புச் சட்டமே ஆன்டெனாவாகி வானொலி அலையை விடும் அமைப்பு) வரும் இடத்தில் என்ன போடுவது என்று தக்கலை அன்பர் கேட்டிருந்தார். இதுவரை வந்தவை: ஒலிபரப்புக் கோபுரம், வானலைக் கம்பம், கதிர்வீச்சுத் தூண், அலைவாங்கிக் கோபுரம். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. என் பரிந்துரை அலைமரம். ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கழிக்க வேண்டியதை முதலில் கழித்துவிடுவோம். அலைவாங்கி என்பது வாங்குகிற கருவிக்குப் பொருந்தும்; நாம் பேசுவது கொடுக்கிற கருவி. கதிர்வீச்சுத் தூண் அகராதிப்படி சரிதான். ஆனால் மணவாளக்குறிச்சி மணல் ஆலை, மோனசைட், தோரியம் என்று பேசிப் பேசி நம் கடற்கரையில் கதிர்வீச்சு என்றால் ஒரே பொருள்தான் மிச்சம். பக்கத்தில் கூடங்குளம் வேறு. வானொலி நிலையத்துக்குப் பின்னால் கதிர்வீச்சுத் தூண் நிற்கிறது என்று அச்சடித்தால் மறுநாளே ஊர்க்கூட்டம் போடுவார்கள். வேண்டாம்.

கோபுரம்தான் பலருக்கும் பிடித்திருக்கிறது. ஒருவர் எழுதியிருந்தார்:

> டவர் எல்லாமே கோபுரம்தான். செல்போன் டவரை அப்படித்தானே எழுதுகிறோம்?

இங்கேதான் எனக்குத் தகராறு. செல்போன் டவரில் இரும்புச் சட்டம் வெறும் சுமைதாங்கி. வேலை பார்ப்பது மேலே கட்டியிருக்கும் ஆன்டெனா. கோணம் என்ற இடத்தில் இருக்கும் நம் நாகர்கோவில் வானொலியும் அப்படியே. அது ஒலிபரப்பும் 101 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் கால் பங்கு முக்கால் மீட்டர்கூட வராது. அந்தச் சின்ன ஆன்டெனாவை எவ்வளவு உயரத்தில் மாட்டுகிறோமோ அவ்வளவு தூரம் கேட்கும், ஏனென்றால் பண்பலை பெரும்பாலும் பார்வைக் கோட்டிலேயே போகிறது. உயரத்துக்காகத்தான் அங்கே டவர். அதைக் கோபுரம் என்றால் எனக்கு மறுப்பில்லை.

மத்திய அலையில் (மீடியம் வேவ், அதாவது ஏஎம் வானொலி) கணக்கே வேறு. திருநெல்வேலி நிலையம் 1197 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறக்குறைய 250 மீட்டர், கால் பங்கு 62 மீட்டருக்கு மேல். திருவனந்தபுரம் 1161, அதன் கால் பங்கு 64 மீட்டரைத் தாண்டும். இவ்வளவு நீள ஆன்டெனாவை எதன் உச்சியில் கொண்டுபோய்க் கட்டுவது? அதனால் நிறுத்திய இரும்பையே ஆன்டெனா ஆக்கிவிட்டார்கள். அடி முதல் நுனி வரை மின்னோட்டம். அது எதையும் சுமக்கவில்லை, தானே அலையை விடுகிறது. (கால் பங்கு என்பது வசதியான ஓர் அளவு, அவ்வளவுதான். கூட்டியும் நடலாம், குறைத்து நட்டுவிட்டு அடியில் கம்பிச் சுருள் போட்டு ஈடுகட்டவும் செய்யலாம்.)

அடிப்பக்கத்தைப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். மேலே அகலமாக இருக்கும் சட்டம் கீழே வர வரக் கூம்பி ஒற்றைப் பீங்கான்மேல் உட்கார்ந்திருக்கும். அத்தனை டன் இரும்பையும் தாங்குவது அந்தப் பீங்கான். மின்சாரம் மண்ணுக்குள் இறங்காமல் தடுப்பதும் அதுவே. பக்கத்தில் இரண்டு உலோக உருண்டைகள் சிறிது இடைவெளி விட்டு நிற்கும். இடி விழுந்தால் பொறி அந்த இடைவெளியில் தாவி மின்னலைப் பூமிக்கு அனுப்பிவிடும், அறைக்குள் இருக்கும் சாமான் தப்பிக்கும். உச்சியில் விமானங்களுக்காக எரியும் சிவப்பு விளக்குக்கு மின்சாரம் கொண்டுபோவது தனி வித்தை. நேராகக் கம்பி இழுத்தால் பீங்கான் இருந்தும் பயனில்லையே! அதனால் சில நிலையங்களில் இரண்டு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஒன்றையொன்று தொடாமல், காற்றிடைவெளி வழியாகவே கீழ் வளையத்திலிருந்து மேல் வளையத்துக்கு மின்சாரத்தைத் தாவ விடுவார்கள். சுற்றிலும் வேலி. காகம் வந்து உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. மண்ணில் கால் ஊன்றிய மனிதன் தொட்டால் கை வெந்துவிடும்.

சட்டம் சாயாமல் இழுத்துக் கட்டிய கம்பிகளையும் (ஸ்டே கம்பி) பாருங்கள். ஒரே நீளமாக இருக்காது. இடையிடையே பீங்கான் போட்டுத் துண்டு துண்டாக்கியிருப்பார்கள். இல்லாவிட்டால் அவையும் தங்கள் பங்குக்கு அலையை வாங்கித் திருப்பி விட்டு, நிலையத்தின் அலை போகும் போக்கைக் கெடுத்துவிடும்.

மீதிப் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. அடியிலிருந்து நாலா பக்கமும் செம்புக் கம்பிகளைப் புதைத்திருப்பார்கள். 120 கம்பி, 3 பாகைக்கு ஒன்று என்பது நெடுநாளைய வழக்கம். ஆகவே மத்திய அலை நிலையத்துக்கு மலையுச்சி தேடிப் போக வேண்டியதில்லை. அகன்ற, ஈரமான சமநிலம் வேண்டும். வயல்காடு நல்லது, உப்பு ஊறிய நிலம் அதைவிட நல்லது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். நிமிர்ந்து ஒற்றையாக நிற்பதைத் தமிழ் எத்தனையோ காலமாக மரம் என்கிறது: பாய்மரம், கொடிமரம். எதனால் செய்தது என்பது அங்கே பேச்சே இல்லை. கோயில் கொடிமரம் செம்பும் பித்தளையும் போர்த்தி நிற்கிறது. நம் பக்கத்துத் தேவாலயங்கள் பலவற்றில் இரும்புக் குழாய்தான். அதில் கொடி ஏறினாலும் கொடிமரம்தான். பாய்மரம் காற்றைப் பிடிக்கிறது, கொடிமரம் கொடியை ஏந்துகிறது, இது அலையை விடுகிறது. கப்பலின் மாஸ்டுக்குப் பாய்மரம் என்று சொல்லிவிட்டு வானொலி மாஸ்டுக்கு மட்டும் கோபுரத்தைத் தேடுவானேன்? மலையாளத்தில் கலங்கரை விளக்கத்துக்கே விளக்குமரம் என்றும் ஒரு பெயர் உண்டு.

மரம் என்று வைத்தால் மற்றவையும் வரிசையாக வந்து நிற்கின்றன. மண்ணுக்குள் போகும் செம்பு, வேர்க்கம்பி. அடியில் தாங்குவது அடிப்பீங்கான் (மின்வாரியத்து லைன்மேன்கள் ஏற்கெனவே பீங்கான் என்றுதான் சொல்கிறார்கள், மின்காப்பி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை). ஸ்டே கம்பிக்கு ஒருவர் 'விழுதுக்கம்பி' என்று எழுதியிருந்தார். அழகுதான், ஆனால் விழுது தானாகத் தொங்குவது, இது இழுத்துப் பிடிப்பது. இழுகம்பி போதும்.

இந்த வேறுபாடு நம் குறுநூலில் ஏன் முக்கியம் என்றால், நம் மாவட்டத்தின் வானொலி வரலாற்றில் பெரும்பகுதி அலைமரங்களின் வரலாறு. அதுவும் வெளியூர் மரங்கள். 1943 மார்ச் 12 அன்று திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்தில் வானொலி தொடங்கியபோது நாகர்கோவிலும் பத்மநாபபுரமும் அதே அரசின் ஊர்கள். ஆக நம்முடைய முதல் 'உள்ளூர்' நிலையம் அதுதான். 1950 ஏப்ரல் 1 அன்று அது அகில இந்திய வானொலியின் கைக்குப் போனது. 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். எல்லை மாறியது, அலை மாறவில்லை. களியக்காவிளை சோதனைச் சாவடியில் அதற்கு யாரும் கை காட்டவில்லை.

தமிழ் நிலையம் என்றால் அப்போது திருச்சிதான். 1939இல் தொடங்கியது, ஆனால் இங்கிருந்து வெகு தூரம். 1963இல் திருநெல்வேலி வந்த பிறகுதான் பக்கத்தில் ஒரு தமிழ்க் குரல். அதற்கு முன்னும் பின்னும் இங்கே இலங்கை வானொலி அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்குப் பாட்டு ரசனை ஒரு காரணம் என்றால், உப்புத் தண்ணீர் இன்னொரு காரணம். கடல்நீர் நல்ல விளைநிலத்தைவிட நூறு மடங்குக்கு மேல் மின்சாரத்தைக் கடத்தும். தரையை ஒட்டிப் போகும் மத்திய அலை மண்ணில் மெலிவதுபோல் கடலில் மெலியாது. கொழும்புக்கும் நமக்கும் நடுவே பெரும்பாலும் கடல்தான். இதனால்தான் மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் பெரிய நிலையங்கள்: இந்தப் பக்கம் தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட், அந்தப் பக்கம் புத்தளத்தில் 882 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட்.

இந்த எண்களைப் பார்த்தீர்களா? 882, 1053, 1161, 1197 எல்லாமே ஒன்பதால் மீதமின்றி வகுபடும். 1975இல் ஜெனீவாவில் போட்ட திட்டத்தின்படி நம் பகுதி உலகத்தில் மத்திய அலை நிலையங்களை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசைப்படுத்தினார்கள், 1978 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சிக் கணக்கு, குறுநூலில் சேருங்கள்.

1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவில் நிலையம் திறந்தது, இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக. இன்று 101 பண்பலை என்றால் மாவட்டம் முழுக்கத் தெரியும். இந்த ஒரே கதையில் கோபுரமும் வருகிறது, அலைமரமும் வருகிறது. இரண்டையும் கோபுரம் என்றே எழுதினால், திருநெல்வேலி ஏன் பகலிலும் ஆழ்கடல் வரை போகிறது, பண்பலை ஏன் கரை தாண்டிச் சிறிது தூரத்தில் நின்றுவிடுகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் விளக்க வழியில்லை.

பண்பலை என்றதும் ஒன்று. பண்பேற்றிய அலை (ஒலியை ஏற்றிய அலை) என்பதைச் சுருக்கிப் பண்பலை என்றார்கள். அந்தக் கணக்கில் ஏஎம்மும் பண்பலைதான். அங்கே பண்பேறுவது வீச்சில், இங்கே அதிர்வெண்ணில். ஆனாலும் வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க நான் வரவில்லை. ஏஎம்முக்கு 'வீச்சலை' என்று புதிதாக ஒன்றை வார்க்க வேண்டாம், மத்திய அலை என்றே எழுதலாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

*

குளச்சலிலிருந்து:

வணக்கம் அண்ணாச்சி. விளக்கம் நன்றாக இருந்தது. ஆனால் மூன்று சந்தேகம்.

ஒன்று, பாய்மரம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது எங்கள் ஊரில் இல்லை. எல்லாம் இன்ஜின் வள்ளம், விசைப்படகு. இரண்டு, காய்ந்த மரம் மின்சாரம் கடத்தாது என்று ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். அதை நம்பிக் கம்பியில் மாட்டிய பட்டத்தைக் குச்சியால் எடுக்கப் பார்க்கிற பிள்ளைகளும் உண்டு, அதுவே ஆபத்து. அப்படிச் சொல்லிவிட்டு, அடி முதல் நுனி வரை மின்சாரம் ஓடுகிற ஒன்றுக்கு மரம் என்று பேர் வைத்தால் பையன் வேலி தாண்ட மாட்டானா? மூன்று, இரண்டு மாஸ்டை நட்டு நடுவில் கம்பி கட்டி அலை விடுகிற நிலையங்களும் உண்டு. அங்கே மாஸ்ட் சும்மாதான் நிற்கிறது. அதுவும் அலைமரமா? அப்புறம் விஜயநாராயணத்தில் கடற்படைக்காரர்கள் நிறுத்தியிருப்பதை எதில் சேர்ப்பீர்கள்?

*

குளச்சல் தம்பிக்கு,

பாய்மரம் போனாலும் கொடிமரம் இருக்கிறதே. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு இன்றும் கொடியேற்றம்தான் தொடக்கம்.

இரண்டாவது கேள்வி கனமானது. சொல்லை வைத்தே பாதுகாப்பைச் செய்ய முடியாது, கொடிமரத்தில் மின்சாரம் இல்லை, மின்கம்பத்தில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் பெயரைப் பார்த்துக் கற்கவில்லை என்று முதலில் பதில் எழுத நினைத்தேன். ஆனால் நீங்கள் வகுப்பில் நிற்கிறவர், பட்டம் விடுகிற பிள்ளைகளை நேரில் பார்க்கிறவர். ஆகவே குறுநூலில் அந்தச் சொல் முதலில் வரும் பக்கத்திலேயே படம் போட்டு, 'இது இரும்பு, முழுவதும் மின்சாரம், வேலியைத் தாண்டக் கூடாது' என்று அச்சிடுவோம். வேலியில் தொங்கும் பலகைக்கு அபாயம் என்ற எழுத்தும் மண்டையோடும் போதும். அங்கே கலைச்சொல்லே வேண்டாம்.

மூன்றாவதற்கு உங்கள் கேள்வியே விடை. தானே மின்னோட்டம் கொண்டு அலை விடுவது அலைமரம். கம்பியைத் தூக்கிப் பிடிக்க மட்டும் நிற்பது தாங்குமரம். அடியைப் பூமியோடு இணைத்துவிட்டு, சட்டத்தைச் சுற்றிக் கம்பிகளைத் தொங்கவிட்டு அவற்றின் வழி மின்னோட்டம் கொடுக்கும் முறையும் உண்டு. அதில் அடிப்பீங்கான் இருக்காது, ஆனாலும் அலையை விடுவதில் மரத்துக்குப் பங்கு இருப்பதால் அலைமரத்தில் சேர்க்கலாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

விஜயநாராயணத்துக் கடற்படை வானொலி நிலையமான ஐஎன்எஸ் கட்டபொம்மன் வேறு உலகம். நீருக்குள் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி போக வேண்டுமென்றால் அலை மிக நீளமாக இருக்க வேண்டும். 20 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 15 கிலோமீட்டர், கால் பங்கே மூன்றே முக்கால் கிலோமீட்டர். அதை யார் நட முடியும்? அங்கே நிற்கும் 471 மீட்டர்க்காரர்கள் நாட்டிலேயே உயரமானவர்கள், அவர்களும் அந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. இவ்வகை நிலையங்களில் உச்சியிலிருந்து கம்பிகளை விரித்துத்தான் ஈடுகட்டுவார்கள். நம் குறுநூலுக்கு அது தேவைப்படாது, ஒரு பெட்டிச் செய்தியாக வேண்டுமானால் போடலாம்.

பல ஊர்களில் மத்திய அலையை நிறுத்தி வருகிறார்கள் என்பதால் படங்களை இப்போதே எடுத்துவைப்பது நல்லது. திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று எடுங்கள், உள்ளே போக அனுமதி வேண்டும்.

பாக்கி ஒன்றுதான். அலைமரத்தின் அடியில் சின்னதாக ஓர் அறை இருக்குமே, ஒலிபரப்பியிலிருந்து வரும் கம்பியையும் மரத்தையும் சுருளும் கப்பாசிட்டரும் வைத்துப் பொருத்துகிற இடம். 'இயைவறை' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே வாயில் நுழையவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நல்ல சொல் வந்தால் சேர்க்கிறேன், வராவிட்டால் டியூனிங் அறை என்றே அச்சுக்குப் போகும்.