இருமுகிற பேட்டரி அறை: ஆளில்லாத நிலையங்களில் திருட்டைத் தடுத்த அனுபவம்

ஆளில்லாத தொலைத்தொடர்பு நிலையங்களைப் பராமரிப்பவர்களுக்குத் திருட்டு தீராத தலைவலி. கோபுர உச்சியில் இருக்கும் விலையுயர்ந்த ரேடியோ கருவிகளைத் திருடர்கள் பெரும்பாலும் சீண்டுவதில்லை. அவர்கள் தேடி வருவது பேட்டரியின் ஈயம், எர்த் இணைப்பின் செம்பு, ஜெனரேட்டரின் டீசல் ஆகியவற்றைத்தான். 48 வோல்ட்டுக்காக வரிசையாக இணைத்த 24 பேட்டரி செல்களில் ஒன்றைக் கழற்றினாலே சுற்று அறுந்துவிடும் என்பதால், அடுத்த மின்வெட்டிலேயே நிலையம் அணைந்து, அதை நம்பியிருப்பவர்களின் அவசர அழைப்புகளும் நின்றுபோகும்.

நாங்கள் சைரன் வைத்திருந்த இடங்களில் திருடர்கள் முதலில் வெட்டியது சைரனின் ஒயரைத்தான், ஏனெனில் அது வெளியே கண்ணில் படும்படி இருந்தது. அப்போது எங்கள் குழுவின் மூத்த தொழில்நுட்பர், "கத்த வேண்டாம், இரும வைப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தோம், ஆனாலும் செய்து பார்த்தோம். கேபிள் தட்டுக்குப் பின்னால் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை மறைத்துக் கதவுச் சுவிட்சோடு இணைத்தோம். கதவு திறந்து சற்று நேரம் கழித்து, தூக்கம் கலைந்த ஒருவர் அடித்தொண்டையிலிருந்து இருமிவிட்டு, "யாருப்பா அது? வர்ற நேரமா இது?" என்று அலுத்துக்கொள்வார். குரல் அந்த மூத்தவருடையதே.

பிறகு ஓர் இரவு அலாரம் வந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, செல்களை இணைக்கும் பட்டையில் இரண்டு நட்டுகள் தளர்ந்திருந்தன. மூன்றாவதில் ஸ்பேனர் மாட்டியபடியே இருந்தது. ஒரு செல்கூடப் போகவில்லை. தொலைவில் இருக்கும் நிலையத்தில் சைரன் அலறினாலும் ஆள் வரத் தாமதமாகும் என்பது திருடனுக்குத் தெரியும். உள்ளேயே ஒருவர் இருமினால் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. புதிய ஊழியர்களிடம் மட்டும் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

செம்பு எர்த் பட்டைகளுக்குச் சாம்பல் நிறம் பூசி, சாதாரண இரும்பைப் போலத் தோன்றச் செய்ததும் பலன் தந்தது. இணைப்பு முனைகளில் மட்டும் பெயின்ட் படக்கூடாது. கண்ணாடி இழைக் கேபிள் போகும் வழியில் "இதில் செம்பு இல்லை" என்று பெரிய எழுத்தில் பலகை வைப்பது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் அவசியமானது. 2011-இல் ஜார்ஜியாவில் செம்பு தேடி மண்ணைத் தோண்டியபோது கண்ணாடி இழைக் கேபிளை அறுத்ததாக ஒரு மூதாட்டி கைதானார்; அந்தத் துண்டிப்பால் அண்டை நாடான ஆர்மேனியாவில் பல மணி நேரம் இணையம் முடங்கியது.

கதவில் மின்சாரம் பாய்ச்சலாம் என்ற யோசனையும் எங்கள் கூட்டத்தில் வேடிக்கையாக எழுந்தது. அதை நான் கடுமையாக எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன்: அது உயிரைப் பறிக்கும், அதிலும் இருட்டில் பழுது பார்க்கப் போகும் நம் ஆளுடைய உயிரையே முதலில் பறிக்கக்கூடும்.

இப்போது பேட்டரிப் பெட்டிகளுக்கெல்லாம் அடர் ரோஜா நிறம் பூசி வருகிறோம். அப்படிப்பட்ட பேட்டரியை விற்க வருபவனிடம் வாங்குபவர் இரண்டு கேள்வி கேட்காமல் இருக்க மாட்டார். அடுத்து வேலியோரம் தேன்கூடுகள் வைக்கலாம் என்கிறார் அதே மூத்தவர். கோபுரம் ஏறுபவர்களை நினைத்து நான் தயங்குகிறேன். முயன்று பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால், கூடுகளை எவ்வளவு தள்ளி வைத்தீர்கள் என்பதை எழுதுங்கள்.