அமெரிக்க விதி போனால் நமக்கென்ன?

கொழுந்துமலை:
அமெரிக்க ஆய்வாளர்கள் வெளிநாடு போய் ஆராய அந்த அரசு தரும் ஃபுல்பிரைட்-ஹேஸ் மானியத்துக்கான விதிகளை நீக்கக் கூடாது என்று அங்கே எதிர்ப்புக் கிளம்பியிருக்கிறது. நானும் அந்தப் பக்கம்தான். அந்த மானியத்தில் ஓர் அமெரிக்க ஆய்வு மாணவி இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தாள். மதுரையில் தமிழ் படித்த பிள்ளை. இஸ்தோப்பில், அதாவது வீட்டுத் திண்ணையில், அம்மாயியோடு உட்கார்ந்து, ‘அரைப்பேர்’ என்ற ஒரு சொல்லை மட்டும் ஒரு பின்னேரம் முழுக்கக் கேட்டு எழுதினாள். பறித்த கொழுந்து குறைந்த நாளில் பாதிச் சம்பளம் என்பதை எந்தத் தோட்டத் துரை அவளுக்கு விளக்கியிருப்பார்? பழைய விதியில் 100 புள்ளிகளில் 15 மொழித்திறனுக்கு. அதனால்தான் தமிழோடு வந்தாள்.

தெமோதரை வளைவு:
சட்டம் வேறு, விதி வேறு சேர். இந்த மானியம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிற்கிறது. விதி போனாலும் சட்டம் இருக்கும். அந்த 15 புள்ளியின் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். தாய்மொழித் திறனுக்கு அதில் புள்ளி இருக்கவில்லை. பண்டாரவளையில் பிறந்த பிள்ளை அங்கே குடியுரிமை பெற்று, நம்மை ஆராய விண்ணப்பித்திருந்தால் தமிழுக்கு சைபர்! இந்த விதியை எதிர்த்து ஆய்வு மாணவர்கள் 2022இல் வழக்கே போட்டார்கள்.

கொழுந்துமலை:
அந்த வரி அநியாயம்தான். அந்த வரியை மட்டும் திருத்தினால் போதும். தகரம் ஒழுகினால் தார் பூசுவோமா, நாம் குடியிருக்கும் லயத்தையே பிரிப்போமா? மானியம் உண்டு என்பது சட்டம். யாருக்கு, எதைப் பார்த்து என்பது விதி. கொழுந்து நிறுக்கும் தராசடியில் நின்றவர்களுக்கு இது தெரியும். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ கழிக்கிறார். ‘எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள்’ என்று கேட்க ஒரு தாளாவது வேண்டாமா?

தெமோதரை வளைவு:
தாள் இருந்து என்ன கண்டோம்? 2025இல் விதிகள் இருக்கும்போதே அந்த ஆண்டுக்கான மானியப் போட்டியை ரத்துச் செய்துவிட்டார்கள்.

கொழுந்துமலை:
விதி இருக்கும்போதே அப்படிச் செய்தவர்கள், அதுவும் இல்லாவிட்டால்?

பெரட்டுக்களம்:
இருவரும் வாஷிங்டனிலேயே நிற்கிறீர்கள். ஆய்வேடு எங்கே? எங்கள் லயத்துக்கும் ஒருவர் வந்தார். ஆறு மாதம் எங்கள் காம்பரா அறையில் பிளேன்டீ குடித்தார், என் அப்பாயியை அழ வைத்து 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை போன கதையைப் பதிவு செய்தார். ஒரு தாள் திரும்பி வரவில்லை. கதை சொன்னவருக்கு ஒரு பிரதி கொடுக்கச் சொல்லாத விதிக்காக நான் ஏன் கொடி பிடிக்க வேண்டும்?

கொழுந்துமலை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்களிடம் வந்த பிள்ளை ஆய்வேட்டை அனுப்பினாள். அது அவளுடைய நல்ல குணம், விதி அல்ல. கைப்பேசியில் வந்தது, முழுக்க ஆங்கிலம். அரைப்பேர் வரும் பக்கத்தை அம்மாயிக்குத் தமிழில் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், “நான் கொழுந்து 18 கிலோ என்றல்லவா சொன்னேன், 16 என்று போட்டிருக்கிறாளே” என்றார்.

பெரட்டுக்களம்:
அங்கேயும் சாக்குக்கு இரண்டு கிலோவா?