1843-லயே அடிமை முறை ஒழிஞ்சுதுன்னா 1976-ல எதுக்குங்க இன்னொரு சட்டம்?

நொய்யல்கரை:
நூலக வாசகர் வட்டத்துல ஒரு மணி நேரப் பேச்சுக்குக் குறிப்பு எடுக்கறேனுங்க. பாடப்புத்தகத்துல 1843-ல அடிமை முறை ஒழிஞ்சதுன்னு ஒரே வரி. அப்புறம் நேரா 1976, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். நடுவுல 133 வருசம் என்ன நடந்துச்சு? பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப் பாக்கி (தறி ஓட்டறவங்க வாங்கற முன்பணம்), செங்கச் சூளை அட்வான்ஸ், மில்லு ஹாஸ்டல்ல பொண்ணுங்களைத் தங்க வெச்சு வேலை வாங்கற சுமங்கலித் திட்டம், இதெல்லாம் கொத்தடிமைல சேருமா, வெறும் கடனா? நிஜமாவே மாட்டியிருக்கறவங்களுக்கு மனு யாருகிட்ட, எப்படிக் கொடுக்கறது? பொத்தாம் பொதுவா வேண்டாமுங்க, பிரிவு, தொகையோட சொல்லுங்க.

பழையதாள்:
1843-ஆம் வருடத்து ஐந்தாம் சட்டம் மொத்தம் நாலே பிரிவு. வரி பாக்கிக்காக ஒருவரை அடிமை என்று சொல்லி அரசு அதிகாரி விற்கக் கூடாது. 'இவன் என் உடைமை' என்று வழக்குப் போட்டால் கோர்ட் ஏற்காது. அடிமையாக இருந்தவர் சம்பாதித்த சொத்தை அந்தக் காரணம் காட்டிப் பறிக்க முடியாது. மற்றவருக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். அவ்வளவுதான். அடிமை வைத்திருப்பதே குற்றம் என்று அதில் எங்கும் இல்லை. ஆளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரியதானது இந்திய தண்டனைச் சட்டம் 370-ஆம் பிரிவில், அது நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி 1. பிரிட்டன் 1833-ல் போட்ட பெரிய அடிமை ஒழிப்புச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நாடுகளை விலக்கிவிட்டதையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட இடைவெளிக்கு விடை 1859-ஆம் வருடத்து 13-ஆம் சட்டம். முன்பணம் வாங்கிய வேலையாள் வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் அவரைப் பிடித்துவரச் சொல்லலாம். பணத்தைக் கட்டு, இல்லை வேலையை முடி என்று உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். ஆளை விற்கக் கூடாது என்ற அதே ஆட்சி, ஆள் கிளம்பிப் போவதைக் குற்றமாக்கியது. மலைத் தோட்டத் துரைமாருக்கு இது ரொம்ப வசதி. 1925-ல்தான் இதை ரத்துசெய்ய சட்டம் வந்தது. சங்கிலி போய்க் கடன் கணக்கு நோட்டு வந்தது இந்த அறுபத்துச் சொச்சம் வருடத்தில்தான்.

நம் கொங்குப் பக்கம் காவிரிக் கழனி மாதிரி இல்லை, கிணற்றுப் பாசனம். கவலை (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் முறை) இறைக்க மாடு, வடம், தோல் பறி, விடியும் முன்பே ஒரு ஆள். பறி கிழிந்தால் தைக்கவும் ஆள் வேண்டும். அதனால் மாதாரி (அருந்ததியர்) குடும்பங்கள் பண்ணாடியிடம் (நிலக்காரரிடம்) முன்பணம் வாங்கிப் பண்ணையாளாகக் கட்டுப்பட்டன. கல்யாணத்துக்கு வாங்கின பணம் அப்பன் பேரிலிருந்து மகன் பேருக்கு மாறும். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்து, பிறகு மோட்டார் பம்பு ஏறியதும் கவலைக்கு ஆள் தேவை குறைந்தது. முன்பணப் பழக்கம் மட்டும் தறிக்கும் சூளைக்கும் இடம் மாறிக்கொண்டது.

சட்டக்குறிப்பு:
1976 சட்டத்தோட உயிர் 2(ஜி) பிரிவு. முன்பணம், வேற பொருளாதாரக் காரணம், வழக்கம், பரம்பரைக் கடமை, பிறந்த சாதி, இதுல ஏதோ ஒரு காரணம் இருக்கணும். அதனால நாலுல ஒண்ணு நடக்கணும்: கூலியே இல்லை அல்லது பேருக்குக் கூலி, வேற வேலைக்குப் போக முடியல, நினைச்ச இடத்துக்குப் போக முடியல, தன் உழைப்புல விளைஞ்சதைச் சந்தை விலைக்கு விக்க முடியல. நாலும் வேணும்னு கேக்கற அதிகாரி உண்டு. ஒண்ணு போதும். கடனுக்குப் பத்திரமும் தேவையில்லை.

'பேருக்குக் கூலி'ன்னா அரசு நிர்ணயிச்ச குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே. சூளையில இதைக் கணக்குப் போட்டாத்தான் தெரியும். உதாரணத்துக்கு ஆயிரம் கல்லுக்கு 700 ரூபாய், புருசன் பொண்டாட்டி சேர்ந்து நாளைக்கு 1,200 கல் அறுத்தா 840. ஆளுக்கு 420, பரவாயில்லைன்னு தோணும். ஆனா மண் பிசையற நாள், கல் திருப்பிக் காயப்போடற நாள், மழை நாள் எண்ணிக்கையில வராது. ஆறு நாள் உழைப்புல நாலு நாள்தான் கல் கணக்குன்னா வாரத்துக்கு 3,360. பன்னெண்டு ஆள்நாளால வகுத்தா 280. கல் சுமக்கற பையனையும் சேர்த்தா 187-கூட வராது. இந்தக் கணக்கை மனுவிலேயே எழுதிடுங்க.

மனு ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ, வேலை நடக்கற ஊர் எல்லைப்படி. யார் வேணா கொடுக்கலாம். ஒவ்வொருத்தர் பேரு, வயசு, சொந்த ஊர், எப்ப வந்தாங்க, முன்பணம் எவ்வளவு, யார் கையால, வாரச் செலவுக்கு எவ்வளவு கொடுக்கறாங்க, கிளம்பறேன்னு சொன்னப்ப என்ன நடந்துச்சு. கணக்கு நோட்டுப் பக்கம், ஜிபே பதிவு, மேஸ்திரியோட போன் பேச்சு எதுவும் சின்னச் சாட்சி இல்லை. இல்லாட்டியும் பரவாயில்லை: 15-ஆம் பிரிவுப்படி இது கொத்தடிமைக் கடன் இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது பணம் கொடுத்தவர்தான்.

கெட்டுப்போற இடங்களைச் சொல்றேன். விசாரணையை முதலாளி நிக்கற எடத்துலயே வெச்சா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. தனியா, ஒவ்வொருத்தரா கேக்கணும். 'சம்பளத் தகராறு'ன்னு எழுதி, பஸ் ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டா எல்லாம் போச்சு. விடுதலைச் சான்று கையில வேணும், அதுவும் குடும்பத்துக்கு ஒண்ணு இல்லை, ஆளுக்கு ஒண்ணு. மறுவாழ்வுத் தொகை ஆள் கணக்குதான்: ஆம்பளைக்கு 1 லட்சம், பெண்கள், குழந்தைகளுக்கு 2 லட்சம், பாலியல் சுரண்டல் மாதிரிக் கொடுமையான நிலையில 3 லட்சம். உடனடி உதவி 30,000 வரை. இந்த உடனடி உதவிக்கு வழக்கு முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு தப்பு, நல்ல மனசுல நடக்கறது: வசூல் பண்ணிக் கடனைக் கட்டி ஆளை மீக்கறது. 6-ஆம் பிரிவுப்படி அந்தக் கடனே செத்துப்போச்சு. 9-ஆம் பிரிவுப்படி அந்தப் பணத்தை வாங்கறவருக்கு மூணு வருசம் வரை சிறை. கட்டாதீங்க.

தறிச்சத்தம்:
சூளைக்குச் சொன்னதை அப்படியே தறிக்கு வெக்காதீங்க. தறியில பாக்கிங்கறது ரெண்டு பக்கமும் இழுக்கற கயிறு. ஆள் கிடைக்காத காலத்துல ஓட்டறவங்க கேட்டு வாங்கறாங்க, அது அவங்க பேரம். வேற தறிக்காரர் வந்து பழைய பாக்கியை அடைச்சு ஆளைக் கூட்டிட்டுப் போறதும் நடக்குது. அந்தக் கதவு தொறந்திருக்கற வரை வெறும் கடன்னு வாதாட எடம் உண்டு. எப்ப கோடு தாண்டுதுன்னா, புதுத் தறிக்காரர் பணத்தோட வந்தும் 'அனுப்ப மாட்டேன்'னா. பாக்கி இருக்குன்னு பொண்டாட்டியையும் தறியில நிறுத்தினா. இல்லாட்டி குடியிருக்கற லைன் வீட்டைப் பூட்டுவேன்னா. தொகை பெருசா சின்னதாங்கறது கேள்வியே இல்லை, கிளம்பினா என்ன ஆகுதுங்கறதுதான். ஒட்டுக்கா எல்லாத்தையும் கொத்தடிமைன்னு எழுதினா நெசமான கேசும் சேர்ந்து அடிபடும்.

நொய்யல்கரை:
மூணு பேருக்கும் நன்றிங்க. மில்லு ஹாஸ்டல்ல முன்பணமே இல்லையே, மூணு வருசம் கழிச்சு ஒரு தொகை தர்றோம்ங்கறாங்க. அது சட்டத்துக்குள்ள வருமா? மனுவைத் திங்கக்கிழமை குறைதீர் நாள்ல கொடுத்தாப் போதுமா?

சட்டக்குறிப்பு:
முன்பணம் இல்லைங்கறதுதான் அங்க மில்லுக்காரங்க தப்பிக்கற வழி. கடைசியில தர்ற தொகை பரிசு இல்லை, மாசாமாசம் பிடிச்சு வெச்ச கூலி. நடுவுல கிளம்பினா அது போயிடும்ங்கற பயம்தான் பூட்டு. உச்ச நீதிமன்றம் 1982-ல ஏசியாட் (ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமான வழக்குல, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கறதே அரசமைப்பு 23-ஆம் பிரிவு தடுக்கற கட்டாய உழைப்புன்னு சொல்லிடுச்சு. அடுத்து பந்துவா முக்தி மோர்ச்சாங்கற கொத்தடிமை மீட்பு அமைப்பு போட்ட வழக்குல, கட்டாய உழைப்புன்னு தெரிஞ்சா பின்னால முன்பணமோ வேற பொருளாதாரக் காரணமோ இருக்குன்னே ஊகிக்கணும்னு சொல்லுச்சு. மனுவுல இந்த ரெண்டையும் எழுதுங்க. வாசல் பதிவேடு, வெளிய போக அனுமதிச் சீட்டு, போன் வாங்கி வெச்ச தேதி, இதெல்லாம் நடமாட்டத் தடைக்குச் சாட்சி. சம்பளச் சீட்டுல 'பயிற்சியாளர்'னு போட்டிருந்தா எத்தனை வருசமா பயிற்சின்னு கேளுங்க.

1976 சட்டத்துக் குற்றங்கள் ஜாமீன்ல விடக்கூடியவை, தண்டனை மூணு வருசம், 2,000 ரூபாய் அபராதம் வரை. அதுமட்டும் போட்டா அன்னிக்கே முதலாளி வெளிய. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி, முதலாளி அப்படி இல்லைன்னா, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எச்) சேர்க்கச் சொல்லுங்க. ஏமாத்திக் கூட்டிட்டு வந்திருந்தா பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்தது) 143, ஆள் கடத்தல் பிரிவு.

திங்கக்கிழமை மனு, வெளிய வந்துட்டவங்களுக்குச் சரி. ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். இன்னும் உள்ள இருக்கறவங்களுக்கு வேண்டாம். அந்த மனு மேசை மேசையாப் போறதுக்குள்ள சூளைக்காரர் காதுக்குப் போயிடும், செவ்வாய்க்கிழமை ஆய்வுக்குப் போனா குடிசையில அடுப்புச் சாம்பல்தான் இருக்கும். நேரா கோட்டாட்சியரைப் பார்த்து அன்னிக்கே ஆய்வு கேளுங்க, இடத்தோட வரைபடத்தைக் கையில கொடுங்க. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு நகல். அவங்க இலவச எண் 15100.