உதவி தேவை: திறமைசாலிதான் அதிகம் இடறுகிறான், என் பகடை விதியில் பிழை எங்கே?

வாள்முனை:

நாங்கள் ஐந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்து ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்துக்கு விதிகளை நானே எழுதினேன். ஆட்டத்தை நடத்துபவனும் நான்தான். ஒரு பாத்திரத்தின் திறன் எவ்வளவோ, அத்தனை பத்துமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். கற்றுக்குட்டிக்கு 2, கை தேர்ந்தவனுக்கு 6. ஏதாவது ஒன்றில் 8, 9 அல்லது 10 விழுந்தால் வெற்றி. எதிலாவது 1 விழுந்தால் ‘இடறல்’: வாள் நழுவும், கயிறு அறும், விளக்கு அணையும். வெற்றியும் இடறலும் சேர்ந்தே வரலாம்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் குழுவின் தலைசிறந்த வாள்வீரன்தான் ஓயாமல் வாளைத் தவறவிடுகிறான். போன ஆட்டத்தில் 9, 8, 8, 5, 3, 1 என்று விழுந்தது. எதிரி சாய்ந்தான், வாளும் ஆற்றோடு போயிற்று. அந்தப் பாத்திரத்தை ஆடும் தோழி ஒன்றும் பேசாமல் ஆறு பகடைகளையும் வரிசையாக அடுக்கி வைத்தாள். அதன் பிறகு அன்று முழுவதும் அவள் சண்டைப் பக்கமே போகவில்லை. எனக்கு மனது கேட்கவில்லை.

பகடையில் கோளாறோ என்று 1 விழுந்ததைத் தனியே எடுத்து 200 முறை உருட்டிப் பார்த்தேன். 22 முறை 1 வந்தது. என் குறிப்பேட்டின்படி வாள்வீரனுக்கு 41 உருட்டல்களில் 19 இடறல். 2 பகடை உருட்டும் திருடனுக்கு 35இல் 7. எதைச் சரி செய்வது?

கணக்குப்பிள்ளை:

பகடை மீது பழி வேண்டாம். 200 உருட்டலுக்கு 20 முறை 1 வரலாம் என்று எதிர்பார்க்கிறோம்; திட்ட விலக்கம், அதாவது வழக்கமாக ஏறி இறங்கும் அளவு, ஏறத்தாழ 4.2. எனவே 22 என்பது சாதாரணம். கோளாறு விதியில்தான் இருக்கிறது.

மூன்றாம்சுற்று:

ஒரு பகடையில் 1 விழ 10 சதவீதம். ஆறு பகடைக்கு 60 சதவீதம் அல்லவா? 41இல் 19 என்றால் 46 சதவீதம்தான். வாள்வீரனுக்கு நல்ல நேரம் என்றே சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

அப்படிக் கூட்டக் கூடாது, நண்பரே. கூட்டிக்கொண்டே போனால் 11 பகடைக்கு 110 சதவீதம் வந்துவிடும். இரண்டு பகடைகளில் ஒரே நேரத்தில் 1 விழும் உருட்டல்களை இரண்டு முறை எண்ணிவிடுகிறீர்கள். நீங்கள் சொன்ன 60க்கும் ஒரு பொருள் உண்டு: ஓர் உருட்டலில் சராசரியாக 0.6 ஒன்றுகள் விழும். ஆனால் ‘ஒன்றாவது விழுமா’ என்பது வேறு கேள்வி.

அதைத் தலைகீழாகக் கேட்டால் எளிது. எந்தப் பகடையிலும் 1 விழாமலிருக்க வாய்ப்பு என்ன? ஒரு பகடைக்கு 0.9. ஆறு பகடைக்கு 0.9ஐ ஆறு முறை பெருக்கினால் 0.531. மிச்சம் 46.9 சதவீதம், அதுதான் இடறல். இரண்டு பகடைக்கு இதே வழியில் 19 சதவீதம். குறிப்பேட்டில் இருப்பது 46, 20. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவது எனக்கே வியப்பாக இருக்கிறது.

வெற்றிப் பக்கம் 2 பகடைக்கு 51 சதவீதம், 6 பகடைக்கு 88. பகடை கூடக் கூட இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. கூடுதல் பகடை வெற்றிக்கு ஒரு வாசல் என்றால் இடறலுக்கும் ஒரு வாசல்.

இருபதுமுகப் பகடையில் 1 விழுந்தால் ஆயுதம் நழுவும் என்று சொந்தமாக விதி சேர்ப்பவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். இருபதுமுகப் பகடையால் ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் தாக்கும்போது 1 விழுந்தால் அடி தவறும், அவ்வளவுதான். அங்கே நழுவலையும் சேர்த்தால், ஒரு முறை தாக்குபவனுக்கு 5 சதவீதம்; அதே சுற்றில் நான்கு முறை தாக்கும் தேர்ந்த வீரனுக்கு 18.5.

நீலப்பகடை:

1991இல் வெளிவந்த வாம்பயர்: தி மாஸ்கரேட் ஆட்டமும் பத்துமுகப் பகடைகளைக் கொத்தாக உருட்டுவதுதான். அதில் 1கள் வெற்றிகளைக் கழிக்கும். உங்கள் இடறலைப் போன்ற ‘பெருந்தோல்வி’ அதிலும் உண்டு; அது பற்றி உங்களைப் போலவே பலர் முறையிட்டார்கள். 1998இன் திருத்திய பதிப்பில், ஒரு வெற்றிகூட இல்லாமல் 1 விழுந்தால் மட்டுமே பெருந்தோல்வி என்று மாற்றினார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வாள்முனை:

நன்றி. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெற்றி இல்லை என்றால் எல்லாப் பகடையும் 1 முதல் 7க்குள் விழ வேண்டும். அதிலிருந்து எல்லாமே 2 முதல் 7க்குள் விழுவதைக் கழித்தால் இடறல். அதாவது 0.7இன் அடுக்கிலிருந்து 0.6இன் அடுக்கைக் கழிக்க வேண்டும். ஒரு பகடை முதல் ஆறு வரை: 10, 13, 12.7, 11.1, 9, 7.1 சதவீதம்.

வாள்வீரன் 47இலிருந்து 7க்கு இறங்கிவிட்டான். ஆனால் ஒரு பகடையிலிருந்து இரண்டுக்குப் போகும்போது ஏன் ஏறுகிறது? ஒரு படி கற்றுக்கொண்டவன் கூடுதலாக இடறுவானா?

கணக்குப்பிள்ளை:

கூர்மையாகக் கவனித்திருக்கிறீர்கள். கடினமான செயலுக்கு 10 மட்டுமே வெற்றி என்று வைத்துப் பாருங்கள், குறை இன்னும் தெளிவாகத் தெரியும். 10, 17, 21.7, 24.7, 26.3, 26.9. ஆறு பகடை வரை ஏறிக்கொண்டே போகிறது. செயல் கடினமாகும்போது பழைய நோய் திரும்பி வருகிறது.

மூன்றாம்சுற்று:

பாதிக்கு மேற்பட்ட பகடைகளில் 1 விழுந்தால்தான் இடறல் என்றால்?

கணக்குப்பிள்ளை:

ஒன்று முதல் ஆறு வரை 10, 1, 2.8, 0.37, 0.86, 0.13 சதவீதம். இரட்டைப்படையில் இறங்கி ஒற்றைப்படையில் ஏறுகிறது. மேலும், 6 பகடையில் ஆயிரம் உருட்டலுக்கு ஒன்று என்றால் அந்த விதி இருப்பதே மறந்துவிடும்.

பழையமேசை:

ஒரு பகடையை மட்டும் வேறு நிறத்தில் வையுங்கள். சிவப்பு என்று கொள்வோம். சிவப்பில் 1 விழ வேண்டும், மற்ற எதிலும் வெற்றி இருக்கக் கூடாது. அப்போதுதான் இடறல். ஒரே பகடை உருட்டுபவனுக்கு அதுவே சிவப்பு.

கணக்கும் சுருக்கம்: சிவப்பில் 1 விழ 0.1, மீதிப் பகடைகள் ஒவ்வொன்றும் தவற 0.7. ஒன்று முதல் ஆறு வரை 10, 7, 4.9, 3.4, 2.4, 1.7 சதவீதம். 10 மட்டுமே வெற்றி என்றாலும் 10, 9, 8.1, 7.3, 6.6, 5.9. எங்குமே ஏறாது. ஏன் என்றால், ஆபத்து அந்த ஒரு பகடையோடு நின்றுவிடுகிறது. திறன் வளர்ந்து சேரும் ஒவ்வொரு பகடையும் காப்பாற்ற மட்டுமே வருகிறது.

நிறம் மாற்றி ஒரு பகடை வைப்பது புதிதல்ல. 1992இல் வந்த ஸ்டார் வார்ஸ் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் ‘வைல்ட் டை’ என்று அறுமுகப் பகடை ஒன்று தனித்து இருக்கும். பல ஆண்டுகள் ஆடியிருக்கிறேன். சிவப்புப் பகடை கடைசியாக உருண்டு நிற்கும்போது மேசையில் எல்லோரும் முன்னால் சாய்வார்கள்.

வாள்முனை:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்! ஒரே ஒரு குறை: ‘வென்றான், ஆனால் ஏதோ கைவிட்டுப் போயிற்று’ என்ற திருப்பம் எனக்குப் பிடிக்கும். அதை இழக்க மனமில்லை.

பழையமேசை:

இழக்க வேண்டாம். சிவப்பில் 1 விழுந்து மற்றதில் வெற்றியும் இருந்தால் ‘சிறு சங்கடம்’ என்று வையுங்கள். சிவப்பில் 1 விழுவது யாருக்கும் 10 சதவீதம்தான். இரண்டு பகடைக்காரனுக்கு அதில் 7 இடறல், 3 சங்கடம். ஆறு பகடைக்காரனுக்கு 1.7 இடறல், 8.3 சங்கடம். தேர்ந்தவனுக்கும் விபத்து வரும், ஆனால் சமாளித்துவிடுவான்.

வாள்முனை:

நேற்று இந்த விதியோடு ஆடினோம். பாலத்தின் மீது நடந்த சண்டையில் வாள்வீரனுக்கு 10, 8, 6, 4, 2, சிவப்பில் 1. தோழியின் கை பகடைகளை அடுக்கப் போனது. ‘வாள் உன் கையில்தான் இருக்கிறது, தோள்பட்டை வார் மட்டும் அறுந்து தொங்குகிறது’ என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, அந்த வாரைப் பல்லால் கடித்துக்கொண்டே அடுத்தவனைத் தாக்கலாமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பகடைகளை வாரி எடுத்தாள்.